100 ஜிபி போதுமா, 2 டிபி வேணுமா? கம்ப்யூட்டர் ஃபைல்களுக்குச் சரியான ஆன்லைன் பேக்கப் பிளானைத் தேர்வு செய்வது எப்படி?

"உங்கள் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது" என்ற மெசேஜ் இப்போது பலரது லேப்டாப்பிலும் போனிலும் அடிக்கடி வருகிறது. உடனே கீழேயே ஒரு பட்டன்: "அப்கிரேட் செய்யுங்கள்". அழுத்தினால் 100 ஜிபி, 200 ஜிபி, 2 டிபி என வரிசையாகப் பிளான்கள். எதை எடுப்பது?

பெரியதை எடுத்தால் பயன்படுத்தாத இடத்துக்கு வருஷா வருஷம் பணம் போகும். சின்னதை எடுத்தால் பாதியில் நின்றுபோகும். பேக்கப் நின்றது தெரியாமலேயே மாசக்கணக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. ஹார்ட் டிஸ்க் போன பிறகுதான் விஷயம் தெரியவரும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்கும் எளிய கணக்கு இதோ.

பேக்கப் இருந்தால் என்ன? இல்லாவிட்டால் என்ன?

இரண்டு உண்மைச் சம்பவங்கள் போதும்.

முதலாவது, டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23-ம் தேதி அந்த மருத்துவமனையின் சர்வர்கள் மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. பல நாட்கள் ஓபி சீட்டு முதல் ரிப்போர்ட் வரை எல்லாமே பேப்பரில் கையால் எழுதப்பட்டது. 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டிபி தகவல்கள் பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆனால், தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. இ-ஹாஸ்பிடல் தகவல்கள் அதிலிருந்துதான் மீட்கப்பட்டன.

இரண்டாவது, தென்கொரியா. 2025 செப்டம்பர் 26-ம் தேதி டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் தீ விபத்து. அரசு ஊழியர்களுக்குத் தலா 30 ஜிபி இடம் கொடுத்து நடத்தப்பட்ட 'ஜி-டிரைவ்' எரிந்தது. அதில் இருந்தது 858 டிபி. வெளியே வேறு எங்கும் பேக்கப் இல்லை. அளவு ரொம்பப் பெரியது, அதனால் எடுக்க முடியவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

முதல் சம்பவத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாட்டின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றில் பூட்டப்பட்டது 1.3 டிபி. இன்று ஒரு தனிநபருக்கு விற்கப்படும் 2 டிபி பிளானை விட அது குறைவு. அப்படியானால் நமக்கு 2 டிபி எதற்கு?

கணியம்பாடி சொல்லும் பாடம்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலையை ஒட்டி இருக்கிறது கணியம்பாடி. மருத்துவ ஆராய்ச்சி உலகில் இந்த ஒன்றியத்தின் பெயர் நன்கு தெரிந்த ஒன்று. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் சமுதாய மருத்துவப் பிரிவு இங்குள்ள கிராமங்களில் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு, உடல்நல விவரங்களைப் பதிவு செய்து வருகிறது. அந்தப் பதிவுகளை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகள் சர்வதேச மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர். ஒவ்வொருவருக்கும் தமிழில் சுமார் இரண்டு பக்க விவரம் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு ஏறத்தாழ 10 கேபி ஆகும். ஒரு லட்சம் பேருக்கும் சேர்த்து வெறும் 1 ஜிபி! ஒரு பென் டிரைவில் மூலையில் அடங்கிவிடும்.

அதே ஊரில் ஒரு கல்யாணத்தை 4கே-வில் எடுத்தால்? கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஒரு மணி நேர வீடியோவே 45 ஜிபி.

ஆக, ஃபைலின் அளவுக்கும் அதன் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை. திரும்பக் கிடைக்காதவை பெரும்பாலும் சின்னதாக இருக்கும். இடத்தை அடைப்பவை பெரும்பாலும் மறுபடி கிடைக்கக்கூடியவை. பிளான் தேர்வில் முதல் வேலை இந்த இரண்டையும் பிரிப்பதுதான்.

ஸ்டெப் 1: எதை விடலாம்?

உங்கள் லேப்டாப்பில் 512 ஜிபி டிஸ்க் இருக்கிறது என்பதற்காக 512 ஜிபி பேக்கப் தேவையில்லை. இவற்றை ஒதுக்கிவிடுங்கள்:

• விண்டோஸ், சாஃப்ட்வேர், கேம்கள்: மறுபடி இன்ஸ்டால் பண்ணிக்கலாம்.
• டவுன்லோட் செய்த படங்கள், பாட்டுகள், வெப் சீரிஸ்.
• அரசு இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பட்டா, சிட்டா நகல்கள். டிஜிலாக்கரில் ஏற்கெனவே இருக்கும் சான்றிதழ்கள்.
• வாட்ஸ்அப் குரூப்பில் வந்து குவிந்த குட் மார்னிங் படங்கள், ஃபார்வர்ட் வீடியோக்கள்.
• ஒரே போட்டோவின் மூன்று, நான்கு காப்பிகள்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: நீங்களே எடுத்த போட்டோ, வீடியோ, நீங்களே டைப் செய்தவை, கடைக் கணக்கு, ப்ராஜெக்ட், ஆய்வறிக்கை, வேறு எங்கும் நகல் இல்லாத ஸ்கேன் ஆவணங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது இன்னைக்கு ராத்திரி அழிஞ்சு போனா, நாளைக்கு எங்கிருந்தாவது கிடைக்குமா?" கிடைக்காது என்றால் அது பேக்கப்பில் இருக்கணும்.

ஸ்டெப் 2: அளந்து பாருங்கள்

விண்டோஸில் அந்தந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் அளவு தெரியும். மேக்கில் 'கெட் இன்ஃபோ'. போன் போட்டோக்களும் அதே அக்கவுண்டில்தான் ஏறுகின்றன என்றால் அதையும் சேர்க்கணும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. கூகுள் தரும் இலவச 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் அல்ல. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து அந்த 15 ஜிபி. 2021 ஜூன் 1 வரை போட்டோஸில் ஓரளவு தரம் குறைத்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. அந்தச் சலுகை முடிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதே கணக்கில்தான் சேர்கிறது.

மற்ற நிறுவனங்கள் தரும் இலவச இடம் இன்னும் குறைவு. மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ் 5 ஜிபி, ஆப்பிள் ஐகிளவுட் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி.

ஸ்டெப் 3: இந்தக் கணக்கைப் போடுங்கள்

இன்றைய அளவு + இரண்டு வருஷத்தில் சேரப்போவது + மொத்தத்தில் கால் பங்கு.

கடைசி கால் பங்கு எதற்கு? ஃபைலின் பழைய வெர்ஷன்கள், டிராஷில் கிடப்பவை, எதிர்பாராமல் வரும் ஒரு விசேஷத்தின் வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

மூன்று பேரை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கல்லூரி மாணவி: டாக்குமெண்ட்ஸ் 5 ஜிபி, ப்ராஜெக்ட் 8 ஜிபி, போன் போட்டோ, வீடியோ 32 ஜிபி, மெயிலும் வாட்ஸ்அப்பும் 7 ஜிபி. மொத்தம் 52. வருஷத்துக்கு 12 ஜிபி கூடினால் இரண்டு வருஷத்தில் 76. அதில் கால் பங்கு 19. ஆகக் கூடி 95 ஜிபி. 100 ஜிபி பிளான் போதும்.

மளிகைக் கடை அல்லது ஹார்டுவேர் கடை: கணக்கு சாஃப்ட்வேர் டேட்டா 2 ஜிபி, ஸ்கேன் செய்த பில்கள் 6 ஜிபி. இரண்டு வருஷத்தில் இன்னும் 4. கால் பங்கு 3. மொத்தம் 15 ஜிபி. கணக்கு சரியாக இலவச அளவில் வந்து நிற்கிறது! ஆனால் அதே அக்கவுண்டில் ஜிமெயிலும் போட்டோவும் இருந்தால் சீக்கிரமே நிரம்பிவிடும். கடைக்கென்று தனி அக்கவுண்ட், அல்லது இருப்பதிலேயே சின்ன கட்டணப் பிளான். கடைக்காரருக்கு அளவை விட முக்கியம், பேக்கப் தினமும் ஓடுகிறதா என்பது.

போட்டோ ஸ்டுடியோ: ஒரு கல்யாணத்துக்கு 3,000 ரா ஃபைல்கள், ஒன்று 25 எம்பி என்றால் 75 ஜிபி. 4கே வீடியோ 4 மணி நேரம் 180 ஜிபி. மொத்தம் 255 ஜிபி. எட்டே கல்யாணத்தில் 2 டிபி காலி! ஆவணி, தை முகூர்த்தங்களில் ஒரு மாசம்கூடத் தாங்காது.

அப்படியானால் ஸ்டுடியோக்காரர் 10 டிபி வாங்கணுமா? தேவையில்லை. கஸ்டமருக்குக் கொடுத்த 500 ஜேபெக் படங்கள் 5 ஜிபி, எடிட் முடித்த வீடியோ 15 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு 20 ஜிபி மட்டும் ஆன்லைனில் ஏற்றினால், 40 கல்யாணத்துக்கும் 800 ஜிபி தான். 2 டிபி தாராளம். ரா ஃபைல்களை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, அதில் ஒன்றை ஸ்டுடியோவில் இல்லாமல் வீட்டில் வைத்துவிடலாம்.

விலை எப்படி?

கூகுள் ஒன் பிளான்கள் இந்தியாவில் 100 ஜிபி மாதம் 130 ரூபாய், 200 ஜிபி 210 ரூபாய், 2 டிபி 650 ரூபாய் என்ற அளவில் விற்கப்பட்டு வந்துள்ளன. வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 1,300, 2,100, 6,500 ரூபாய். ஐகிளவுடில் 50 ஜிபி 75 ரூபாய், 200 ஜிபி 219 ரூபாய், 2 டிபி 749 ரூபாய். இந்த விலைகள் அவ்வப்போது மாறும். கட்டும் நாளில் ஆப்பில் ஒருமுறை சரிபார்க்கவும்.

இதில் கவனிக்க வேண்டியது, 200 ஜிபிக்கும் 2 டிபிக்கும் நடுவே உள்ள இடைவெளி. உங்கள் கணக்கு 230 ஜிபி என வந்தால், 30 ஜிபிக்காக விலை மூன்று மடங்காகும். அப்போது மேலே போவதற்கு முன், டூப்ளிகேட் வீடியோக்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நீக்கினாலே 200-க்குள் வந்துவிட வாய்ப்பிருக்கிறது.

கூகுள் ஒன் பிளானைக் குடும்பத்தில் மேலும் 5 பேருடன் பகிரலாம். வீட்டில் நாலு பேர் தனித்தனியாக 100 ஜிபி கட்டுவதைவிட, எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிளான் லாபமா என்று கூட்டிப் பாருங்கள். ஒருவரது ஃபைலை இன்னொருவர் பார்க்க முடியாது. இடம் மட்டும்தான் பொது.

'ஃப்ரீ'யாகக் கிடைத்தால் எடுக்கலாமா?

ரீசார்ஜோடு ஸ்டோரேஜ் இலவசம் என்ற ஆஃபர்கள் சமீபத்தில் பெருகிவிட்டன. 2025 மே மாதம் ஏர்டெல் தன் போஸ்ட்பெய்டு, வைஃபை வாடிக்கையாளர்களுக்கு 100 ஜிபி கூகுள் ஒன் பிளானை 6 மாதங்களுக்கு இலவசமாக அறிவித்தது. 2025 அக்டோபர் இறுதியில், தகுதியுள்ள ஜியோ 5ஜி வாடிக்கையாளர்களுக்கு 2 டிபி ஸ்டோரேஜ் அடங்கிய கூகுள் ஏஐ ப்ரோ பிளான் 18 மாதங்களுக்கு இலவசம் என்ற அறிவிப்பு வந்தது. அதன் மதிப்பு 35,100 ரூபாய் என்றார்கள். அதாவது மாதம் 1,950 ரூபாய்!

எடுப்பதில் தப்பில்லை. ஆனால் இடம் இருக்கிறதே என்று 700 ஜிபி ஏற்றிவிட்டால், 2025 நவம்பரில் தொடங்கியவருக்கு 2027 மே வாக்கில் ஆஃபர் முடியும்போது என்ன நடக்கும்?

• புதிதாக எதையும் ஏற்ற முடியாது. பேக்கப் நிற்கும்.
• ஜிமெயிலுக்கு மெயில் வருவதும் நின்றுபோகலாம். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு இது பெரிய சிக்கல்.
• அளவை மீறிய நிலையிலேயே 2 வருஷம் இருந்தால், உள்ளே இருப்பவற்றை நீக்க கூகுளின் விதிகளில் இடம் உண்டு.

அதனால் இலவசமாகக் கிடைத்தாலும், பிறகு நம்ம காசில் கட்ட முடிந்த அளவுக்குள்ளேயே நிரப்புவது நல்லது. ஆஃபர் முடியும் தேதியை போன் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

உங்க இன்டர்நெட் தாங்குமா?

பிளான் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. ஏற்றணுமே!

தினம் 2 ஜிபி மொபைல் பேக்கில் 100 ஜிபி ஏற்ற, வேறு எதற்கும் நெட் பயன்படுத்தாவிட்டாலும் 50 நாள் ஆகும். அப்லோடும் டேட்டா கணக்கில்தான் சேரும். நொடிக்கு 10 மெகாபிட் அப்லோடு வேகமுள்ள பிராட்பேண்டில் அதே 100 ஜிபி சுமார் 22 மணி நேரம். 1 டிபி என்றால் ஒன்பது நாளுக்கு மேல், அதுவும் கரண்ட் கட் ஆகாமல் இருந்தால்.

கணியம்பாடியிலிருந்து அமிர்தி பக்கம் மலையை நெருங்க நெருங்க ஃபைபர் கனெக்‌ஷன் கிடைக்காத வீடுகளுக்கு இது நடைமுறைப் பிரச்னை. தமிழ்நாட்டில் பாரத்நெட் திட்டத்தில் 12,525 ஊராட்சிகளை ஃபைபர் கேபிளால் இணைக்கும் பணியை டான்ஃபிநெட் நிறுவனம் செய்து வருகிறது. அது வீடு வரை வந்து சேரும்வரை, மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர்கள் சின்னதும் முக்கியமானதுமான ஃபைல்களை மட்டும் ஆன்லைனில் வைத்து, மற்றதை ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதே நல்லது. முதல் பெரிய அப்லோடை மட்டும் பிராட்பேண்ட் உள்ள உறவினர் வீட்டில் வைத்து முடித்துவிட்டால், அதன் பிறகு தினமும் ஏறப்போவது கொஞ்சம்தான்.

உஷார்: சிங்க் வேறு, பேக்கப் வேறு

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் அடிப்படையில் 'சிங்க்' செய்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவிலும் ஒன்டிரைவிலும் அழித்த ஃபைல் பொதுவாக 30 நாள் டிராஷில் இருக்கும், அதற்குள் எடுத்தால் உண்டு.

விண்டோஸ் 11 லேப்டாப்களில் இது அடிக்கடி நடக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் தானாகவே ஒன்டிரைவுக்குப் போய், 5 ஜிபி நிரம்பிவிடுகிறது. "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று வந்ததும் சிலர் ஒன்டிரைவ் வெப்சைட்டுக்குப் போய் எல்லாவற்றையும் டெலீட் செய்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பிலும் காணாமல் போய்விடுகிறது! முதலில் அந்த ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கோ பென் டிரைவுக்கோ காப்பி பண்ணுங்கள். பிறகு ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பேக்கப்பை நிறுத்துங்கள். டெலீட் எல்லாவற்றுக்கும் கடைசிதான்.

இதனால்தான் நிபுணர்கள் '3-2-1' என்ற விதியைச் சொல்கிறார்கள். முக்கிய ஃபைலுக்கு 3 நகல், 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய விதி இது. லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று. அவ்வளவுதான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து ஆற்றோர வீடுகளில் தண்ணீர் புகுந்ததை வேலூர் மாவட்டத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும்.

பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் கவனத்துக்கு

ஆதார், பான், மதிப்பெண் சான்றிதழ் என்று கஸ்டமர் ஸ்கேன்கள் கம்ப்யூட்டரில் குவிந்து கிடக்கும். அவற்றுக்குப் பேக்கப் பிளான் வாங்க வேண்டாம். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்தவரின் அடையாள ஆவணம் உங்கள் அக்கவுண்டில் இருந்தால், அந்த பாஸ்வேர்டு திருட்டுப் போகும் நாளில் பாதிக்கப்படுவது அவர்கள். நீக்கினால் உங்களுக்கும் இடம் மிச்சம்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

1. மறுபடி கிடைக்கும் ஃபைல்களை ஒதுக்கிவிட்டு, மீதியை அளக்கவும்.
2. இரண்டு வருஷ வளர்ச்சியும் கால் பங்கும் சேர்க்கவும்.
3. முதல் மாதம் மட்டும் மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கவும். சரியாக இருந்தால் வருஷப் பிளானுக்கு மாறலாம்.
4. அக்கவுண்டுக்கு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடவும். ரெகவரி போன் நம்பர் இப்போது பயன்பாட்டில் உள்ளதுதானா என்று பார்க்கவும்.
5. ஏற்றிய ஒரு வாரத்தில், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு போட்டோ, ஒரு கணக்கு ஃபைல், ஒரு வீடியோவை டவுன்லோட் செய்து திறந்து பார்க்கவும்.

கடைசி வேலையைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. 5 நிமிஷ வேலைதான், இன்றைக்கே செய்துவிடுங்கள்.